சிநேகிதர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டால் சங்கங்கள் வாயை மூடவேண்டுமா?

மலேசிய நாட்டில் சில வருஷங்களாக ஒரு உபதேசம் நடந்து வருகின்றது. அதாவது, 61 வருஷம் ஆண்ட கட்சியை இறக்கி நம்முடைய சிநேகிதர்களை ஏற்றிவிட்டோமாம். ஆகவே பொதுஜன சங்கங்கள் இனித் தெருவில் இறங்குவதும், கண்டனத் தீர்மானம் போடுவதும், மந்திரிகளைக் கேள்வி கேட்பதும் கூடாதாம். கேட்டால் சிநேகிதர்கள் பலவீனப்படுவார்களாம். அப்புறம் பழைய திருடர்களோ அல்லது மதவெறியர்களோ வந்து உட்கார்ந்துகொள்வார்களாம். இந்த உபதேசத்தைச் செய்கின்றவர்கள் யாரோ அன்னியர்களல்ல. நேற்றுவரை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கண்ணீர்ப் புகையைச் சுவாசித்தவர்களே இன்று இப்படிப் பேசுகின்றார்கள். அதனால்தான் இதைப்பற்றி நாம் சற்று விரிவாய் எழுத வேண்டியிருக்கின்றது.

முதலில் அந்த 61 வருஷ ஆட்சி எதனால் நிலைத்தது என்பதைப் பார்ப்போம். 1957 முதல் 2018 வரை அம்னோ கட்சியும் அதன் கூட்டாளிகளும் ஒரு பொதுத் தேர்தலிலும் அதிகாரத்தை இழக்கவில்லை. போலீசும் சிறையுமே அதற்குக் காரணம் என்று சிலர் நினைக்கின்றார்கள். அது பாதி உண்மைதான். விசாரணையில்லாமல் பிடித்து அடைக்க 1960-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், எந்தச் சங்கமும் சர்க்கார் பதிவில்லாமல் மூச்சுவிடக் கூடாதென்பதற்கு 1966-இல் சங்கங்கள் சட்டம், மாணவர்கள் வாயைக் கட்ட 1971-இல் பல்கலைக்கழகச் சட்டம், பத்திரிகைக்காரன் வருஷாவருஷம் லைசென்சுக்குக் கைகட்டி நிற்க 1984-இல் அச்சகச் சட்டம், இவையெல்லாம் இருந்தன. ஆனால் சட்டத்தைவிடப் பலமான காரியம் ஒன்று நடந்தது. கிராமத்துக் கமிட்டி ஆளும் கட்சிக்காரன் கையில்; பள்ளிக்கூடத்துக்கு மானியம் ஆளும் கட்சிக்காரன் சிபார்சில்; கோவிலுக்குக் கூரை போட வேண்டுமானால் தேர்தல் சமயத்தில் அவன் வந்து நீட்டும் செக்கில்; பெரிய தினசரிகள் ஆளும் கூட்டணிக் கட்சிகளின் சொத்தில். உட்டுசான் என்னும் மலாய்ப் பத்திரிகை அம்னோவினுடையதாகவும், ஸ்டார் என்னும் இங்கிலீஷ் பத்திரிகை சீனர் கட்சியினுடையதாகவும் இருந்தன. 1924-இல் தோன்றிய நம் தமிழ் நேசனும் கடைசியில் ம.இ.கா. தலைவராயிருந்தவரின் குடும்பத்துச் சொத்தாகி 2019-இல் நின்றுபோயிற்று.

இப்படி இருக்கும்போது சங்கம் என்பதற்கு அர்த்தம் என்ன? ஜனங்களின் குறையைச் சர்க்காருக்குச் சொல்லும் வாய் என்பது போய், சர்க்காரின் தயவை ஜனங்களுக்கு வாங்கிக் கொடுக்கும் தரகுக் கடை என்றாகிவிட்டது. தரகன் முதலாளியை எதிர்ப்பானா? எதிர்த்தால் அவனுக்குக் கமிஷன் ஏது? இந்த மனப்பான்மையே அந்த ஆட்சிக்கு அஸ்திவாரம். போலீஸ்காரனுடைய தடி அதற்குக் காவல் மாத்திரமே.

இந்தத் தரகுத்தனத்துக்கு உட்படாமல் சில சங்கங்கள் நின்றன. 1971-இல் தோன்றிய அபிம் என்னும் முஸ்லிம் இளைஞர் சங்கம் அவற்றில் ஒன்று. 1977-இல் தோன்றிய அலிரான் மற்றொன்று. 1981-இல் சர்க்கார் சங்கங்கள் சட்டத்தைத் திருத்தி, சர்க்காரின் கொள்கையைப்பற்றி அபிப்பிராயம் சொல்லும் சங்கங்களையெல்லாம் “அரசியல் சங்கம்” என்று முத்திரை குத்தப் பார்த்தது. அதை எதிர்த்துச் சங்கங்களெல்லாம் ஒன்றுகூடின. அந்த எதிர்ப்புக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? அபிம் தலைவராயிருந்த தோழர் அன்வார் இப்ராஹிம் அவர்கள். 1974-இல் ஏழை ரப்பர்க் குடியானவர்களுக்காக நடந்த கிளர்ச்சியில் விசாரணையின்றிச் சிறை சென்ற வாலிபர் அவர். அந்த முத்திரையைப் பின்னர் சர்க்கார் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அதற்குள் அன்வார் எங்கே போனார்? 1982-இல் அம்னோவுக்குப் போனார், மந்திரியானார். உள்ளே போய்த் திருத்துகின்றேன் என்று சொல்லித்தான் போனார். ஐந்து வருஷம் கழித்து, 1987 அக்டோபரில், “லாலாங் நடவடிக்கை” என்ற பெயரால் நூற்றுக்கு மேற்பட்டவர்களை அதே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து அடைத்தபோது அவர் கல்வி மந்திரி. சீனப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு மாண்டரின் படிக்காத உத்தியோகஸ்தர்களை நியமித்த தகராறுதான் அதற்கு ஒரு காரணமாய்க் காட்டப்பட்டது. அது அவருடைய இலாகா. 1981-இல் அவரோடு ஒரே மேடையில் நின்ற அலிரானின் ஸ்தாபகர் சந்திரா முசாபர் சிறைக்குள்ளே. அன்வார் மந்திரி சபைக்குள்ளே. மூன்று பத்திரிகைகளின் லைசென்சும் பறிக்கப்பட்டது.

அவரை இதற்காகத் திட்டுவது நமது நோக்கமல்ல. 1998-இல் அவர் அதற்கு வட்டியும் முதலுமாய்க் கொடுத்துவிட்டார். பிரதம மந்திரி மகாதீர் அவரை வேலையிலிருந்து நீக்கி, அதே சட்டத்தில் பிடித்து உள்ளே தள்ளினார்; போலீஸ் தலைவரே அவரை அடித்த கறுத்த கண்ணை உலகமே பார்த்தது. நாம் சொல்வதெல்லாம், உள்ளே போய்த் திருத்துகின்றேன் என்றவர்கள் திருத்திய கணக்கு இது என்பதுதான்.

நிற்க, அந்த 61 வருஷ மலை அசைந்தது எப்படி? எந்தத் தலைவனுடைய தவத்தினாலும் அல்ல. 2007 நவம்பர் 10-ந் தேதி, தேர்தல் சுத்தமாய் நடக்கவேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு பெர்சே என்னும் கூட்டமைப்பு கோலாலம்பூர் வீதியில் இறங்கியது. இரண்டு வாரம் கழித்து நவம்பர் 25-ந் தேதி ஹிண்ட்ராஃப் என்ற பெயரில் நம் தமிழர்கள் இறங்கினார்கள். அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்து, ஐந்து மாகாணங்களில் தோற்றது. 29 வருஷம் மந்திரியாயிருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் ஒரு டாக்டரிடம் தோற்றார்.

2011 ஜூலை 9-ந் தேதி வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவி அம்பிகா சீனிவாசன் தலைமையில் பெர்சே மறுபடியும் வந்தது. சர்க்கார் அதைச் சட்டவிரோத சங்கம் என்று விளம்பரம் செய்தது. மஞ்சள் சட்டையைக் கண்டால் பிடித்தது. ஒரே நாளில் 1,600-க்கு மேற்பட்டவர்களை லாரியில் ஏற்றியது. உடுக்கும் துணியின் நிறத்துக்குப் பயப்படுகின்ற சர்க்காருக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் அதே சர்க்கார் தேர்தல் சீர்திருத்தத்துக்குப் பார்லிமெண்டுக் கமிட்டி போடவேண்டி வந்தது. விரலில் மை வைப்பதென்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அந்த மையை 2008-இல் வாங்கிவைத்துவிட்டு ஓட்டுப் போடுவதற்கு நாலு நாள் முன்னால் வேண்டாமென்று சொன்னவர்கள் அவர்களே. 2013-இல் வைத்தபோது சோப்புப் போட்டால் போயிற்று என்பது வேறு கதை.

அந்த 2013 தேர்தலின் யோக்கியதையையும் சொல்லிவிடுவோம். ஆளும் கூட்டணிக்கு விழுந்த ஓட்டு 100-க்கு 47. கிடைத்த ஸ்தானம் 222-இல் 133. எதிர்க்கட்சிகளுக்கு விழுந்த ஓட்டு 100-க்கு கிட்டத்தட்ட 51. கிடைத்த ஸ்தானம் 89. இது என்ன கணக்கென்றால், காப்பார் தொகுதியில் 1,44,159 வாக்காளர்களுக்கு ஒரு பிரதிநிதி. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் புத்ராஜெயாவில் 15,791 பேருக்கு ஒரு பிரதிநிதி. ஒரு புத்ராஜெயாக்காரன் ஒன்பது காப்பார்க்காரனுக்குச் சமம்! ஒருவன் பிறவியினால் ஒன்பது பேருக்கு மேலானவன் என்று சாஸ்திரத்தில் எழுதியிருந்தால் அதை அக்கிரமம் என்கின்றோம். அதையே தொகுதி எல்லையில் எழுதிவிட்டால் ஜனநாயகம் என்று பெயர்.

பெர்சேக்காரர்கள் அன்னியன் பணத்தில் ஆடுகின்றார்கள் என்ற பழியும் அப்போது சுமத்தப்பட்டது. 2016 நவம்பரில், ஊர்வலத்துக்கு முந்திய நாள், அதன் தலைவி மரியா சின் அப்துல்லாவைப் பயங்கரவாதிகளைப் பிடிப்பதற்கென்று செய்த சொஸ்மா சட்டத்தில் பிடித்துப் பத்து நாள் தனியறையில் அடைத்தார்கள். இந்தப் பழியைச் சுமத்திய சர்க்காரின் தலைவர் யாரென்றால், தமது சொந்தப் பாங்குக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்து விழுந்ததற்கு “அரபு தேசத்து நன்கொடை” என்று சமாதானம் சொன்ன பிரதம மந்திரி நஜிப் அவர்கள். சங்கத்துக்கு வரும் காசு அன்னியக் காசாம். மந்திரியின் பைக்கு வருவது நன்கொடையாம்!

இந்தக் காலத்தில்தான் ஒரு விநோதம் நடந்தது. 2015 ஆகஸ்டில் பெர்சே ஊர்வலத்துக்கு மகாதீர் அவர்களே வந்தார். 1987-இல் சங்கக்காரர்களைச் சிறையில் அடைத்த அதே மகாதீர். ஜனங்கள் கைதட்டினார்கள். நஜிபை இறக்க வேண்டும் என்ற அவசரத்தில் பழைய கணக்கை யாரும் கேட்கவில்லை. 2018 மே 9-ந் தேதி ஆளும் கூட்டணி 79 ஸ்தானத்தோடு விழுந்தது. மகாதீர் பிரதம மந்திரி; அன்வாருக்கு விடுதலை; மரியா சின் பார்லிமெண்டு மெம்பர். உபதேசம் ஆரம்பமானதும் அப்போதுதான்.

இந்தப் புதுச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகும். மாணவர்கள் கல்லூரிக்குள் அரசியல் பேசலாமென்று 2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 18 வயதில் ஓட்டு என்ற திருத்தத்தை 2019 ஜூலையில் ஆஜராயிருந்த 211 பேரும் ஒருமனதாய் ஆதரித்தார்கள். ஆனால் அதுவுங்கூட இளைஞர்கள் சில வருஷம் கேட்டுக் கேட்டு வந்தது. பிறகு வந்த சர்க்கார் அதை அமுலுக்குக் கொண்டுவராமல் இழுத்தடித்தபோது, கூச்சிங் ஹைக்கோர்ட்டில் இளைஞர்கள் வழக்குப் போட்டு 2021-இல் உத்தரவு வாங்கியபிறகுதான் நடந்தது. மறுபுறத்தில், ராஜத்துவேஷச் சட்டத்தை ரத்து செய்கின்றோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியதைச் செய்யவில்லை. 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டு 1976-இல் சட்டமூலம் ஒழிக்கப்பட்ட நகரசபைத் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரவில்லை. எதிர்க்கட்சியாயிருந்தபோது அவசரம், ஆளும் கட்சியானபோது நிதானம்.

அந்த நிதானத்துக்கு 22 மாதந்தான் ஆயுள். 2020 பிப்ரவரியில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசிய கட்சி மாறிகள் ஜனங்களின் தீர்ப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ச் 1-ந் தேதி முகைதின் பிரதம மந்திரி. 2018-இல் ஜனங்கள் இறக்கிய அம்னோ மறுபடியும் மந்திரி பீடத்தில். சங்கங்கள் அடங்கியிருந்ததனால் சிநேகிதர்களுடைய நாற்காலி காப்பாற்றப்பட்டதா? இல்லையே!

இதிலே நாம் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய ஒரு சங்கதி உண்டு. கட்சி மாறுவதைத் தடுக்கும் சட்டம் அந்த நாட்டில் எப்போது வந்தது? சிநேகிதர்கள் பலமாயிருந்த 2018-இல் அல்ல. அம்னோவின் இஸ்மாயில் சப்ரி, கைவிரலால் எண்ணக்கூடிய மெஜாரிட்டியில் தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில், எதிர்க்கட்சியோடு 2021 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்ததனால் 2022-இல் வந்தது. சர்க்கார் பலவீனமாயிருந்தபோது சீர்திருத்தம் பிறந்தது. ஆகவே, கேள்வி கேட்டால் சர்க்கார் பலவீனப்படும் என்பது வாஸ்தவமாகவே இருந்தாலும், அதனால் ஜனங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கின்றோம்.

நமது தமிழர் விஷயத்தை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. மலேசியாவில் இந்தியர் 100-க்கு ஏழு பேர்கூட இல்லை. தோட்டங்களை விற்று வீடு கட்டும் கம்பெனிகளுக்குக் கொடுத்தபோது, மூன்று தலைமுறை ரப்பர் வெட்டியவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேற்றப்பட்டார்கள். 2007-இல் கோவில்களை இடித்ததுதான் அவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது. (வீடும் கூலியும் பிறப்புப் பத்திரமும் போனபோது வராத ரோஷம் கோவில் இடிந்தபோது வந்ததே என்று நமக்கு வருத்தந்தான். ஆனாலும் வந்தவர்கள் கேட்டது வீட்டையும் கூலியையும் படிப்பையும் சேர்த்துத்தான்.) ஐந்து தலைவர்கள் விசாரணையின்றிச் சிறை சென்றார்கள். அவர்களில் ஒருவரான மனோகரனைச் சிறையிலிருக்கும்போதே சிலாங்கூர் சட்டசபைக்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு பலத்தோடிருந்த இயக்கம் என்ன ஆயிற்று? 2013 ஏப்ரலில், தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னதாக, அதன் தலைவர் வேதமூர்த்தி நஜிபோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தேர்தல் முடிந்ததும் துணை மந்திரியானார். 2014 பிப்ரவரியில், சொன்னது ஒன்றும் நடக்கவில்லை என்று ராஜிநாமாச் செய்தார். ஒன்பது மாத உத்தியோகம். அவர் கெட்ட எண்ணத்தோடு போனார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் உள்ளே போனபோது வெளியே நின்று அதட்டிக் கேட்பதற்குச் சங்கம் இல்லை. சங்கமே அவரோடு நாற்காலிக்குப் போய்விட்டது. வெளியே கூச்சலில்லாத மந்திரிக்கு மந்திரி சபைக்குள் என்ன மரியாதை கிடைக்கும்? பிற்பாடு 2018-இல் மகாதீரிடமும் அவர் மந்திரியாயிருந்தார். தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் இரண்டு தடவையும் வெளியேதான் நின்றார்கள்.

2022 நவம்பரில் அன்வார் அவர்கள் கடைசியாய்ப் பிரதம மந்திரியானார். அதுவும் எவரை இறக்கப் பெர்சே பாடுபட்டதோ அந்த அம்னோவின் தயவோடு. இரண்டு தரப்பும் மற்றவர்களும் சேர்ந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பலம் கிடைத்தது. அரசியல் சட்டத்தையே திருத்தக்கூடிய பலம்! ஆகவே, எண்ணிக்கை போதவில்லை என்ற சாக்குக்கும் இடமில்லாமற் போயிற்று. பின் நடந்தவை என்ன? 2023 செப்டம்பரில் துணைப் பிரதம மந்திரி ஜாகிட் மீதிருந்த 47 குற்றச்சாட்டுகளைத் தொடரவேண்டாமென்று சர்க்கார் தரப்பு வக்கீலே கேட்டு, கோர்ட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியது. 2024 பிப்ரவரியில் நஜிபினுடைய 12 வருஷ தண்டனை 6 ஆகக் குறைக்கப்பட்டதென்று அறிவித்தார்கள். 21 கோடி வெள்ளி அபராதம் 5 கோடியாயிற்று. அதே மாதத்தில், வாக்களித்த சீர்திருத்தங்கள் எங்கே என்று கேட்டுப் பார்லிமெண்டுக்கு முன் கூடிய பெர்சேக்காரர்களைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. எந்தப் பெர்சே தெருவில் அடிபட்டதால் இந்த ஆட்சி வந்ததோ, அதே பெர்சே!

இனி மதவெறியர் வந்துவிடுவார்கள் என்ற பூச்சாண்டிக்கு வருவோம். அந்தப் பயம் வெறும் பயமல்ல. 2022 தேர்தலில் எந்தத் தனிக் கட்சியையும்விட அதிக ஸ்தானம் பெற்றது பாஸ் என்னும் மதக் கட்சியே. அவர்கள் நாளைக்கு வரலாம். வந்தால் எதைக்கொண்டு ஆளுவார்கள் என்று நமது சிநேகிதர்கள் யோசித்தார்களா? வெள்ளைக்காரன் 1948-இல் செய்துவைத்த ராஜத்துவேஷச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுவோம். (அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் இதைத் தேச நிந்தனைச் சட்டம் என்று எழுதுகின்றன.) 2012-இல் இதை எடுத்துவிடுகிறேன் என்று நஜிப் வாக்களித்தார், 2014-இல் அம்னோ மகாநாட்டில் வாக்கை விழுங்கினார், 2015 ஏப்ரலில் இன்னும் கடுமையாக்கினார். அப்போது துணைப் பிரதம மந்திரியாயிருந்தவர் முகைதின். 2024 ஆகஸ்டில், ஒரு இடைத்தேர்தல் கூட்டத்தில் முன்னாள் மாமன்னரைப்பற்றிப் பேசியதற்காக இதே சட்டத்தில் குற்றஞ் சாட்டப்பட்டுக் கோர்ட்டில் நின்றவரும் அதே முகைதின். சாட்டியது, இந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று ஊரெல்லாம் சொன்னவர்களின் சர்க்கார். இவர் சாணை பிடித்த கத்தி இவர் கழுத்துக்கே வந்தது. இன்று அந்தக் கத்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கின்றவர்கள், நாளைக்கு மதவெறியர்கள் அதைக் கையில் எடுக்கும்போது யார் கழுத்தைத் தேடுவார்கள் என்று நினைக்கின்றார்கள்? மதவெறியருக்குப் பயந்தால் அந்தச் சட்டங்களை இன்றைக்கே கொளுத்தவேண்டியதுதானே புத்திசாலித்தனம்? பயத்தைக் காட்டிச் சங்கங்களை அடக்குகின்றார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமான ஆயுதத்தை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கின்றார்கள். இது என்ன நியாயம்?

சங்கத் தலைவர்கள் தேர்தலுக்கு நிற்கக்கூடாது, மந்திரியாகக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. தாராளமாய்ப் போகட்டும். போன நிமிஷத்திலிருந்து அவர் மந்திரி, சங்கத்துக்கு அவர் மற்ற மந்திரிகளைப்போல ஒரு மந்திரி, அவ்வளவுதான். பழைய சிறைவாசத்தைக் காட்டி இன்றைய கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்ள ஒருவருக்கும் பாத்தியதை இல்லை. பூசாரி மாறினான் என்பதற்காக உண்டியல் பணம் நம் வீட்டுக்கு வந்துவிடாது.

அபிமானிகளுக்கு மற்றொன்றும் ஞாபகப்படுத்துகின்றோம். முன்னறிவிப்புக் கொடாமல் கூட்டம் கூடுவதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு ஒன்று 2012 முதல் அந்த நாட்டில் இருந்து வந்தது. அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பிரிவை எடுத்தது எந்தச் சிநேகித மந்திரியும் அல்ல. அதன் பேரில் குற்றஞ் சாட்டப்பட்ட ஒரு வாலிபர், கைகட்டி வாய்பொத்தி நிற்காமல் கோர்ட்டுப் படியேறியதனால் அது போயிற்று.

நகரசபைத் தேர்தலை மட்டும் இந்தச் சிநேகிதர்கள் ஏன் தொடப் பயப்படுகின்றார்கள், அதில் இனக் கணக்கு என்ன, கட்சிக்காரர்களுக்கு நியமன ஸ்தானங்களால் வரும் லாபம் என்ன என்பவைபற்றி மற்றொரு சமயம் எழுதுவோம்.